காம்போடு ஓர் உருளைக்கிழங்கு

கண்ணாடிக்கடைக்காரர் மீசையைப் பந்தயம் வைத்துவிட்டார். லேசுப்பட்ட மீசையா அது? இருபது வருஷமாக எண்ணெய் போட்டு, சீவி, முறுக்கி வளர்த்தது. நாளை மதியம் தன் சாப்பாட்டு டப்பாவில் உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் அதை எடுத்துவிடுவதாகப் பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் சவால் விட்டுவிட்டார்.

பின்னே? வீட்டுக் கொல்லையில் இருந்தது நாலே நாலு கத்திரிச்செடி. நாலும் போட்டி போட்டுக்கொண்டு காய்த்தன. பதினேழு நாளாக டப்பாவைத் திறந்தால் கத்திரிக்காய். தையல்காரர் தினமும் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இன்னிக்கும் அதேதானா? வீட்டுல உங்க பேச்சு எடுபடாதோ?" என்பார். மனுஷன் எத்தனை நாள்தான் பொறுப்பான்!

மறுநாள் காலை சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு மதியச் சாப்பாடு நான் சொல்றதுதான்."

மனைவி சண்டைக்கு வருவாள் என்று நாலு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தார். நாலும் வீண்.

"அப்பாடா!" என்றாள் அவள். "என்ன சமைக்கிறதுன்னு யோசிச்சே எனக்கு மண்டை காயுது. சொல்லுங்க."

"உருளைக்கிழங்கு!"

"செஞ்சுட்டாப் போச்சு. பெருசா இருக்கணுமா, சின்னதா இருக்கணுமா?"

கேட்கிறாள்! அவரிடம் அபிப்பிராயம் கேட்கிறாள்! அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"சின்னதா."

"தோலை உரிச்சுடவா, தோலோடயா?"

"தோலோட. அதுலதான் சத்து."

"வெள்ளைத் தோலா, ஊதாத் தோலா?"

ஊதாவில்கூட வருகிறதா? வரும், வரும். இப்போதெல்லாம் எதுதான் எந்தக் கலரில் வரவில்லை!

"ஊதா."

"காம்பைக் கிள்ளிடவா, காம்போடயா?"

"காம்போட!" என்று உத்தரவு போட்டுவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டே கடைக்குப் போனார்.

மதியம் வீட்டிலிருந்து வந்த டப்பாவைத் தையல்காரர் முன்னால் திறந்தார். உள்ளே சின்னச் சின்னதாக, தோலோடு, ஊதாவாக, காம்போடு கத்திரிக்காய் படுத்திருந்தது.

உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"உருளைக்கிழங்குன்னுதானே சொன்னேன்?"

"ஏங்க, உருளைக்கிழங்குக்கு ஏதுங்க காம்பு? அடையாளமெல்லாம் பிசகாம கத்திரிக்காய்க்குச் சொன்னீங்க. பேரு மட்டும்தான் வாய் தவறிடுச்சுன்னு நெனச்சேன்."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நாலே நாலு கேள்வி. நாலுக்கும் அவரே, அவர் வாயாலேயே, ரெண்டாவதைச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் உறைத்தது. ரெண்டு கண்ணாடியைக் காட்டினால் ஜனங்கள் ரெண்டாவதைத்தான் எடுப்பார்கள், விற்க வேண்டியதைக் கடைசியில் காட்ட வேண்டும். கடைக்குள்ளேயே காப்பாற்றி வந்த இந்தத் தொழில் ரகசியத்தை ஒருநாள் வீட்டில் பெருமையாக அளந்தவர் அவர்தான். தவளை தன் வாயால் கெடும். ஆனாலும் என்ன மூளை! கோபம் வரவில்லை. போனையே கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"நான் ஒண்ணும் தோத்துடலை, நான் கேட்டதுதான் வந்திருக்கு" என்று தையல்காரரிடம் சமாளித்துப் பார்த்தார்.

"குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலைம்பீங்க. மீசை இருந்தாத்தானே அண்ணே ஒட்டுறதுக்கு?"

அவர் போனில் முனகினார். "உன்னால என் மீசை போகுது, தெரியுமா?"

"அச்சச்சோ! பந்தயமா? சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்ல. சரி, எந்தப் பக்கத்துலேர்ந்து எடுக்கப்போறீங்க? இடதா, வலதா?"

ஆகா, மறுபடியும் அதே வித்தை! இந்தத் தடவை ஏமாற அவர் என்ன பச்சைப்பிள்ளையா? ரெண்டாவதைச் சொல்லவே இல்லை.

"இடது!" என்றார் கம்பீரமாக.

தையல்காரர் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு இடது பக்கமாக வந்தார்.