ஆய்வாளர் ஆயில் ஊற்றினார்

தன் காருக்குத் தன் கையாலேயே இன்ஜின் ஆயில் ஊற்றுவது என்று எடையளவு ஆய்வாளர் முடிவெடுத்தபோது, காரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது தானாகவே உருண்டு தெருமுனை மெக்கானிக் கடைக்குத் தஞ்சம் போயிருக்கும்.

ஆய்வாளருக்கு உத்தியோகம், ஊரில் உள்ள கடைகளின் தராசையும் படியையும் சோதிப்பது. இரண்டு கிராம் குறைந்தால்கூடக் கடைக்காரர் தொலைந்தார். தன்னைக் கண்டால் தராசு முள்ளே நடுங்கும் என்று அவர் சொல்வது உண்டு. அவரைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. வீட்டில் காபிக்குச் சர்க்கரை போடச் சொன்னால் மட்டும் அந்த மகானுக்குக் கரண்டியின் அளவு பிடிபடாது.

அவருடைய மனைவி மருந்தாளுநர். ஓட்டுநர் உரிமம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. உரிமம் கைப்பையில் இருக்கிறது, கார் வாசலில் இருக்கிறது, சாவி மட்டும் ஆய்வாளரின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இத்தனை நாள் அவளும் பொறுத்துக்கொண்டாள். இப்போது ஊரின் மறுகோடியில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மருந்தகத்தைத் திறக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். கார் இல்லையென்றால் வேலை இல்லை.

சனிக்கிழமை காலை பேச்சை ஆரம்பித்தாள்.

"என்னங்க, திங்கக்கிழமையிலேர்ந்து காரை நான் எடுத்துட்டுப் போறேன். நீங்கதான் ஆபீஸ் ஜீப்புல போறீங்களே."

"கார்ங்கறது என்ன, காய்கறிக் கூடையா? கையில தூக்கிட்டுப் போக?"

"லைசன்ஸ் இருக்குங்க."

"லைசன்ஸ் யார்கிட்டதான் இல்ல? வண்டியோட வயித்துல என்ன இருக்குன்னு தெரியணும். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கத் தெரியுமா உனக்கு?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"அளவு பார்க்கறது என் தொழில்! என்னைப் பார்த்தா கேக்கற?"

ஆறு வருடமாக அந்தக் காரின் பானெட்டை அவர் திறந்ததே இல்லை. இது அவளுக்கும் தெரியும், காருக்கும் தெரியும்.

"அப்போ ஆயிலைச் சரியா ஊத்தத் தெரிஞ்சவங்ககிட்டதான் சாவி இருக்கணும். அப்படித்தானே?"

"அப்படிச் சொல்லு!"

"ஊத்தும்போது அளவு தப்பிட்டா?"

"அப்புறம் அவங்க அந்தச் சாவியைத் தொடவே கூடாது. நாளைக்குக் காலையில நான் ஊத்திக் காட்டறேன். நின்னு கத்துக்கோ. ஒரு வருஷம் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னா, அப்புறம் யோசிக்கலாம்."

"சரிங்க."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் இத்தனை சுருக்காகச் 'சரிங்க' சொன்னதில்லை. ஒரு கடைக்காரர் இப்படித் தலையாட்டியிருந்தால் ஆய்வாளர் தராசைக் கவிழ்த்து அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்திருப்பார். மனைவிதானே என்று விட்டுவிட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டு, மூன்று மணி நேரம் குறட்டை விட்டார். சாயங்காலம் போய் ஒரு லிட்டர் ஆயில் டப்பா வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. மாடிவீட்டுக்காரர் பேப்பரோடு கீழே இறங்கி வந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரை வரச் சொன்னது ஆய்வாளர்தான். வித்தை காட்டுகிறவருக்குக் கைதட்ட ஆள் வேண்டாமா?

"அண்ணே, நீங்களே கேளுங்க," என்றாள் மனைவி. "ஆயில் அளவு தப்பினா சாவியைத் தொடக்கூடாதாம்."

"நானே சொல்றேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் ஆய்வாளர். "தொடவே கூடாது!"

கார் வழக்கம்போல வாசல் சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கேட்டை மறித்து வேறு யாரும் வண்டி நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக ஆய்வாளர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. அவர் உள்ளே ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, நாலு தடவை உறும வைத்துவிட்டு அணைத்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பிறகு பானெட்டைத் திறக்கும் பிடியைத் தேடினார். முதலில் டிக்கி திறந்தது. அடுத்து பெட்ரோல் மூடி திறந்தது. அதற்கடுத்து அவருடைய இருக்கை பொத்தென்று பின்னால் சாய்ந்து, ஆய்வாளர் மல்லாந்து கூரையைப் பார்த்தார்.

"இடது முழங்காலுக்குக் கீழ இருக்கும் சார்," என்றார் மாடிவீட்டுக்காரர்.

"தெரியும். எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு சோதிச்சேன்."

ஒருவழியாகப் பானெட் திறந்தது. ஆயிலில் முங்கி நிற்கும் அளவுக் குச்சியை உருவி, கண்ணுக்கு நேரே பிடித்து, கடைத்தெருவில் முறைக்கிற மாதிரி முறைத்தார். நுனி மட்டும் லேசாக நனைந்திருந்தது.

"பார்த்தியா? வறண்டு கிடக்கு! நீ இதை ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டியிருந்தா பாதி வழியில இன்ஜின் பிராணனை விட்டிருக்கும்."

"என்னங்க, இப்பத்தானே அணைச்சீங்க? ஆயில் கீழ இறங்கப் பத்து நிமிஷம் விடணும்னு புத்தகத்துல போட்டிருக்கே."

"புத்தகம் எழுதினவன் என்னைவிட அளவு பார்த்தவனா?"

"வண்டி வேற மேட்டுல நிக்குது சார்," என்றார் மாடிவீட்டுக்காரர். "ஆயில் பின்பக்கம் ஒதுங்கியிருக்கும். சமதரையில விட்டுப் பார்த்தாத்தான்..."

"நீங்க பஸ் ஓட்டினவர். இது கார். பேப்பரைப் படிங்க."

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஆய்வாளர் அரை டப்பாவை ஊற்றினார். ஊற்றிய கையோடு குச்சியை விட்டு எடுத்தார். ஏதோ கொஞ்சம் ஏறியிருந்தது, குறைந்தபட்ச அளவுக்கான கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

"எவ்வளவு குடிக்குது பாரு!"

"கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமேங்க."

மனைவி பொறு என்றால் ஆய்வாளர் பொறுப்பாரா? மிச்சத்தையும் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை டப்பாவின் முதுகில் தட்டினார். தட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, முடிந்தது பாடம் என்று அறிவித்தார்.

"அண்ணே சொன்ன மாதிரி ஒரு தடவை சமதரையிலயும் பார்த்துடலாம்," என்றாள் அவள். "உங்க அளவு சரியா இருந்தா எங்க நின்னாலும் சரியாத்தானே இருக்கும்?"

இந்த நியாயத்துக்கு மறுப்புச் சொன்னால் அளவில் சந்தேகம் என்று ஆகிவிடும். கைப்பிரேக்கை எடுத்து மூவருமாகக் காரைத் தெருவுக்கு உருட்டினார்கள். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். பிறகு அவளே குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துக் காட்டினாள். மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆயில் பளபளத்தது.

"ஐயையோ! ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார்," என்றார் மாடிவீட்டுக்காரர். "உள்ள நுரை தள்ளி சீல் பிச்சுக்கும். வடிச்சுத்தான் ஆகணும்."

மனைவி கையை மட்டும் நீட்டினாள். ஆய்வாளருக்கு முகம் வெளிறிவிட்டது. ஆறு வருடம் தலையணைக்கு அடியில் வைத்துக் காத்த சாவி. அவமானம் ஒரு பக்கம், அதைவிடச் சாவி போகிறதே என்ற துக்கம் இன்னொரு பக்கம். வாதாடிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தபோது, தெருமுனை மெக்கானிக் ஸ்பானரும் ஒரு எவர்சில்வர் பாத்திரமுமாக வந்து நின்றார். மணி சரியாகப் பத்து.

ஆய்வாளர் அவர் மேல் பாய்ந்தார்.

"வாய்யா! எல்லாம் உன் வேலைதான். போன சர்வீஸ்ல அளவு தெரியாம ஊத்தித் தொலைச்சிருக்கே. அதான் நான் சரியா ஊத்தியும் மேல வந்து நிக்குது!"

மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மா பழி போடாதீங்க சார். நேத்து மத்தியானம் நீங்க தூங்கிட்டு இருந்தப்ப அக்காவே தலையணைக்கு அடியிலேர்ந்து சாவியை உருவி, வண்டியை என் கடைக்கு ஓட்டிட்டு வந்தாங்க. என் கண் முன்னாடி அவங்களே குறைஞ்சதை ஊத்தி, மேல்கோட்டுல நிறுத்தினாங்க. ஒரு நூல் பிசகலை. அப்புறம் அதே மேட்டுல கொண்டுவந்து நிறுத்திட்டாங்க."

ஆய்வாளர் சாவியை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைக் கைப்பையில் போட்டு மூடினாள். தோற்ற மனிதர் பேசாமல் உள்ளே போயிருக்கலாம். போகாமல், குரலை இறக்கிக் கேட்டார்.

"அது சரி, இப்ப உன்னைப் பாத்திரத்தோட வரச் சொன்னது யாரு?"

"அதுவும் அக்காதான். நேத்தே சொல்லிட்டாங்க. எவ்வளவு வடிக்கணும்க்கா, அதுக்கேத்த பாத்திரமா எடுத்துட்டு வரேன்னு கேட்டேன். அவர் ஒரு லிட்டர் டப்பாதான் வாங்குவார், அதைக் காலி பண்ணாம ஓயமாட்டார், அதையே கணக்கா வச்சுக்கோன்னாங்க."

மெக்கானிக் காருக்கு அடியில் படுத்து, மேல்கோட்டில் வந்து நிற்கும்வரை வடித்தார். உத்தியோகப் பழக்கம் விடவில்லை, ஆய்வாளர் பாத்திரத்தை வாங்கி அளந்து பார்த்தார். சரியாக ஒரு லிட்டர்.