டொக்கு அண்ணன் தொடையில் டைட்டானியம்

பெருமாட்டி ஊர்ப் பக்கத்தில் டொக்கு அண்ணனின் சுத்தியலுக்குத் தப்பிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. தென்னந்தோப்பு வைத்திருக்கிற விவசாயிதான். ஆனால் இடுப்பில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல். எதைப் பார்த்தாலும் 'டொக்' என்று ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்.

தினமும் காலையில் எங்கள் கேட்டுக்கு ஒரு தட்டு உண்டு. "ஏனுங்க, இது வெறுந் தகரமுங்க. நாலு மழை தாங்காது" என்று சொல்லிவிட்டுத்தான் டீக்கடைக்குப் போவார். அவர் மதித்த உலோகம் வார்ப்பிரும்பு மட்டும்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் தோசைக்கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாராம். "என்னைய நிமிந்துகூடப் பாக்குலீங்க" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அப்பேர்ப்பட்டவர் போன மழைக்காலத்தில் மோட்டாரின் வார்ப்பு மூடியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. எலும்புக்குள் டைட்டானியக் கலவைக் கம்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து நடப்பது சந்தேகம் என்றார் கோயம்புத்தூர் டாக்டர். மாதிரிக்கு ஒரு கம்பியையும் கையில் கொடுத்தார்.

வாங்கிப் பார்த்த டொக்கு அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க டாக்டரே, வெயிட்டே இல்லீங்களே! வார்ப்புல ஒண்ணு ஊத்திக் குடுங்க."

"வார்ப்பிரும்பு மேல எவ்வளவு பாரம் வேணும்னாலும் ஏத்தலாங்க. ஆனா ஓங்கி ஒரு அடி விழுந்தா வெடிச்சுரும். ஈரம் பட்டா துரு. இது எடை கம்மி, கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், ஒடம்புக்குள்ள துருப்பிடிக்காது."

"தகரத்தக் கால்ல வெச்சுட்டு ஊருக்குள்ள எப்படிங்க நடக்கறது? வேண்டாமுங்க" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடப் போயிருந்த நான் டாக்டரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

கட்டில் ஓரம் நின்ற அவர் மனைவிதான் வாயைத் திறந்தார். "உங்ககூட விழுந்துச்சே வார்ப்பு மூடி, அது என்னாச்சு தெரியுமுங்களா? ரெண்டாப் பொளந்து கெடக்குது. உங்க காலும் அப்பிடித்தான் கெடக்குது. இன்னும் வார்ப்புதான் வேணுமுங்களா?"

டொக்கு அண்ணன் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார். பிறகு "அந்தச் சுத்தியல எடு" என்றார். கம்பியை ஒரு தட்டு தட்டிக் கேட்டார்.

"செரி, வெச்சு உடுங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுநாள் நர்ஸ் போட்ட கூச்சலில் வார்டே கூடிவிட்டது. மனுஷர் அரை வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தொடைக் கட்டின் மேலே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"புதுக் கல்லு வாங்குனா எண்ணெ தேச்சுப் பழக்காம தோசை வருமுங்களா, சிஸ்டர்? உள்ள இருக்கறதும் புதுசுதானுங்களே!"

அவர் படுத்திருந்த மாதங்களில் எங்கள் கேட் சத்தமில்லாமல் கிடந்தது. துருப்பிடித்த கேட்டை மாற்றிவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான்தான் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன்.

போன வாரம் காலையில் 'டொக்' என்று கேட்டது. காபியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஊன்றுகோல் இல்லாமல், சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, இன்னும் இந்தத் தகரத்த மாத்துலீங்களா?"

மாற்றுகிற உத்தேசமே இல்லை, அண்ணா. நீங்கள் தினமும் வந்து திட்டுவதற்கு அது இருக்கட்டும்.