பத்து பெரிசா, மூணு பெரிசா?

"இதுல நம்பர் கொறஞ்சாதாண்ணா நல்லது" என்றான் எல்இடி திரை விற்கும் பரத். "புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்றதுதான் அந்த நம்பர். கிட்டக்க உக்காந்து பாக்க மூணு போதும். பத்துன்னா தூரத்துலேர்ந்துதான் தெளிவா தெரியும்."

"எனக்கே கணக்கு சொல்றியா? மூணு வாங்குனா எதிர்க்கடை யுவராணி சிரிப்பா. பத்து மாட்டு" என்றார் டீக்கடை செங்கல்வராயன்.

மாங்காடு சாலையில் செங்கல்வராயனுக்கும் யுவராணிக்கும் எதிரெதிரே டீக்கடை. யுவராணியைக் கடையில் ஈ ஓட்ட வைக்க வேண்டும், அவ்வளவுதான் மனுஷனின் லட்சியம். அதற்காக மனைவி அஞ்சலையின் வளையல் அடகுக்குப் போயிருந்தது.

முதல் மேட்ச் அன்று கடை நிரம்பி வழிந்தது. ஐந்தாவது ஓவரில் பெஞ்சு காலி.

"இன்னா அண்ணாத்தே, பூந்தி கொட்டி வெச்சாமாரி கீது. இதுல பாலு எது, பேட்டு எது?" என்றபடி கடைசி ஆளும் டீ கிளாசோடு சாலையைக் கடந்தார். எதிர்க்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் பந்தின் தையல்கூடத் தெரிந்தது. யுவராணி வடை போட்டு மாளவில்லை. போன கிளாஸ்களும் திரும்பவில்லை.

செங்கல்வராயனுக்கு வயிறு எரிந்தது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார். சொந்த வாடிக்கையாளர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். எதிரே பட்டப்பகலிலும் படம் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் கடுப்பில் பாதி மேட்ச்சில் திரையை அணைத்தார். எதிர்க்கடைக் கூட்டம் மொத்தமும் சண்டைக்கு வந்தது. முன்னால் நின்றவள் யுவராணி.

"என் கஷ்டமருங்கள இன்னாத்துக்கு நைனா ஏமாத்துற? போடு அத்த."

போட்டார்.

இரண்டு கடையும் ஒரே ஓனரின் வாடகைக் கட்டடம். ஒரு வாரம் யோசித்துக் கடையை மாற்றிக்கொள்ளலாம் என்று செங்கல்வராயன் முடிவு கட்டினார். கூட்டம் உட்காரும் இடத்தில் நாமே டீ ஆற்றினால் யார் கேட்கப் போகிறார்கள்? தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

"பஸ் ஸ்டாப்பு நம்ம பக்கம் கீதுய்யா" என்றாள் அஞ்சலை. "இத்த உட்டுட்டு அங்க போய் இன்னா பண்ணப் போற?"

"உனுக்கு யாவாரம் தெரியாது, சும்மா கெட."

யுவராணி லேசில் மசியவில்லை. பழகின இடம் என்று மூக்கைச் சிந்தினாள். நாலு நாள் கெஞ்ச வைத்தாள். கடைசியில், "சரி அண்ணாத்தே, உனுக்காவ. ஆனா செவுத்துல கீறதெல்லாம் அந்தந்தக் கடையோட" என்றாள்.

திரை அங்கேயே இருந்தால்தானே இங்கிருந்து தெரியும்? செங்கல்வராயன் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கடைக்குப் பாலைக் காய்ச்சி, பெஞ்சைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே ஏணி மேல் பரத் நின்று திரையைப் பலகை பலகையாகக் கழற்றிக்கொண்டிருந்தான். செங்கல்வராயன் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"இன்னாப்பா, ரிப்பேரா?"

"இல்லண்ணா, மூணு நம்பர் மாட்டப் போறோம். இனிமே இங்கயே கிட்டக்க உக்காந்து பாக்கலாம். யுவராணிக்கா அட்வான்ஸ் குடுத்து ரெண்டு வாரமாவுது. 'அண்ணாத்தே எப்டியும் என் கடைக்கு மாறிடுவாரு, அப்பால வந்து மாட்டு'ன்னாங்க."