புலி வளர்த்த புதினா

ஒரு காட்டில், எந்தக் காடு என்றெல்லாம் கேட்காதீர்கள், பேரைச் சொன்னால் அந்தக் காட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், தாண்டவராயன் என்று ஒரு புலி இருந்தது. வாட்டசாட்டமான புலிதான். ஆனால் கொஞ்ச நாளாக நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. சரி, ஒரு எட்டு போய்க் காட்டிவிட்டு வரலாம் என்று ஆமை டாக்டரிடம் போனது. அங்கே டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். புலியும் முறையாக டோக்கன் வாங்கி வரிசையின் கடைசியில் போய் நின்றது. திரும்பிப் பார்த்த நோயாளிகளுக்கெல்லாம் அந்த நிமிடமே உடம்பு சரியாகிவிட்டது. அடுத்த ஆள் புலிதான்.

ஆமை தலையை ஓட்டுக்குள் வைத்துக்கொண்டே நாடி பார்த்தது.

"கொழுப்பு ஏகத்துக்கு ஏறிக் கிடக்கு. தினமும் கீரை சேர்த்துக்கணும். இல்லேன்னா அப்புறம் நான் பொறுப்பில்ல."

"கீரையா? நானா?"

"கொத்தமல்லி, புதினா, வெந்தயக்கீரை. எல்லாம் பச்சையா" என்று சொல்லிவிட்டு, ஆமை வெளியே இருந்த காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

காட்டில் இல்லாத பச்சையா, வெளியே போய் மேயவேண்டியதுதானே என்பீர்கள். நன்றாகச் சொன்னீர்கள். பட்டப்பகலில் ஒரு புலி குனிந்து மேய்வதை நாலு பேர் பார்த்தால் அதன் மானம் என்ன ஆகும்? அதனால் குகைக்குள்ளேயே தோட்டம் போடுவது என்று முடிவு செய்தது.

கிளி ஒன்று நடத்தும் சேனலைப் போனில் பார்த்து எல்லாம் கற்றுக்கொண்டது. கொத்தமல்லி விதையை அப்படியே போடக் கூடாது, தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். புதினாத் தண்டைத் தண்ணீரில் நிறுத்தி, வேர் விட்ட பிறகு மண்ணில் ஊன்ற வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டை வேண்டும். அதற்கு மட்டும் புலி சிரமப்படவில்லை, நகம் இருந்தது. ஆனால் பாசம் மிகுந்துபோய் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியதில் முதலில் போட்டதெல்லாம் அழுகிப்போனது. அசரவில்லை. மறுபடி போட்டது. உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று மின்மினிகளைக் கூப்பிட்டு ஷிப்ட் போட்டு உட்கார வைத்தது.

சும்மா சொல்லக் கூடாது, இந்தத் தடவை எல்லாம் தளதளவென்று வந்தது. ஆசைக்கு வைத்த மிளகாய்ச் செடியில் முதல் பூ விட்ட அன்று புலிக்குக் கண் கலங்கிவிட்டது. இலை அதிரும் என்று உறுமுவதைக்கூட நிறுத்திவிட்டது. பறித்துத் தின்னத்தான் மனசு வரவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தினமும் சொல்லிக்கொண்டே பழைய சாப்பாட்டையே சாப்பிட்டு வந்தது. இதற்கு நடுவில் புதினாவைப் படம் பிடித்து, காட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது.

அந்தப் படத்தைத்தான் குமுதவல்லி என்கிற மான் பார்த்தது. அதற்கும் வீட்டுத் தோட்டப் பைத்தியம் உண்டு. என்ன, கையில் ராசி இல்லை. அது வைத்த எதுவும் ஒரு வாரம் தாண்டியதில்லை.

"ஏங்க, நான் அந்தப் புலி அண்ணன் வீட்டுத் தோட்டத்தை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்" என்றது புருஷனிடம்.

"உனக்கென்ன கிறுக்கா?" என்று குதித்தது கலைமான் ஞானசுந்தரம். "புலி வீட்டுக்குப் போனா உயிரோட வருவியா? வெளியில இல்லாத புதினாவா?"

"அது எல்லாரும் மேயுற புதினா. இது நான் வச்சதுன்னு சொல்லிக்கலாம்ல? அதுவும் இல்லாம, அண்ணன் இப்ப சைவம்."

போயே போய்விட்டது. புலிக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை நாள் வளர்த்ததைப் பார்க்க முதல் முதலாக ஒருத்தர் வந்திருக்கிறாரே!

"வா தங்கச்சி. இதுதான் வெந்தயக்கீரை. அந்தாண்ட இருக்கிறது மிளகாய், கிட்டப் போய்ப் பாரு, காய் விட்டிருக்கு."

"ஐயோ, கண்ணு பட்டுடப் போகுது அண்ணே!"

"புதினாவுல ஒரு கொத்து கிள்ளித் தரட்டுமா? தொட்டியோடவே வேணும்னாலும் எடுத்துட்டுப் போம்மா."

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாம் அண்ணே. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

வேண்டாமென்று யார் சொன்னது? மானுக்கு உயிரே அந்தப் புதினா மேல்தான் இருந்தது. ஆனால் செடியைக் கேட்டு வாங்கி வைத்தால் வேர் பிடிக்காது, உடையவருக்குத் தெரியாமல் கிள்ளி வந்து வைத்தால்தான் தழைக்கும் என்பது அது சிறுவயதிலிருந்து கேட்டு வந்த பாடம். சிரிக்காதீர்கள். அடுத்த வீட்டு மணி பிளான்ட்டை நீங்கள் கிள்ளியதே இல்லையா? சரி விடுங்கள், நான் கேட்கவில்லை.

மறுநாள் மதியம், புலி சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிற நேரமாகப் பார்த்து மான் பூனைபோல உள்ளே வந்தது. மின்மினிகளும் அசந்து தூங்கின. ஒரே ஒரு தண்டு போதும் என்றுதான் கிள்ளியது, சத்தியமாக. ஆனால் மான் எதையும் வாயில்தானே கவ்விக்கொண்டு போக முடியும்? வாய்க்குள் போன புதினா சும்மா இருக்குமா? வாசல் வருவதற்குள் தண்டு உள்ளே போய்விட்டது. திரும்பி வந்து இன்னொன்று கிள்ளியது. அதுவும் போனது. புதினா தீர்ந்ததும் கொத்தமல்லி, அது தீர்ந்ததும் வெந்தயக்கீரை. கடைசியில், பச்சையாக இருக்கிறதே என்று மிளகாயையும் கடித்துவிட்டது.

"ஸ்ஸ்... ஆ!"

புலி கண்ணைத் திறந்தது. முதலில் தொட்டிகளைப் பார்த்தது, பிறகுதான் மானைப் பார்த்தது.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேம்மா! நேத்திக்கே கொடுத்தேனே!"

"கேட்டு வாங்கினா வளராதே அண்ணே..." என்றது மான். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அதற்கு உறைத்தது. ஆனாலும் மூளை வேலை செய்தது. "அண்ணே, என்னை அடிச்சுச் சாப்பிட்டீங்கன்னா உங்க பத்தியம் கெட்டுடும். கொழுப்பு ஏறும். என்னை விடுங்க, ஆத்தங்கரையில இதைவிட நல்ல கீரை இருக்கு, ஒரு ஓட்டம் ஓடிக் கொண்டாந்துடுறேன்."

வழக்கமாக இந்த இடத்தில் புலி தலையாட்டும், மான் ஓடிவிடும், நாமெல்லாம் கைதட்டுவோம்.

"இந்தக் கதையெல்லாம் நானும் சின்ன வயசுல கேட்டதுதான்" என்றது புலி. "கேட்டு ரொம்ப வருத்தப்பட்டிருக்கேன். சரி, ஒண்ணு சொல்லு. என் கொத்தமல்லி இப்ப எங்க இருக்கு?"

"வயித்துல."

"புதினா?"

"வயித்துலதான் அண்ணே."

"வெந்தயக்கீரை?"

மான் மெல்ல வாசல் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தது.

"டாக்டர் என்னை என்ன சாப்பிடச் சொன்னார்?"

அன்று புலி, டாக்டர் சொன்ன கீரை அத்தனையையும் ஒரே வேளையில் சாப்பிட்டது. கொஞ்சம் சுற்றி வளைத்துச் சாப்பிட்டது, அவ்வளவுதான்.

ஞானசுந்தரம் தலையிலடித்துக்கொண்டு அழுதது. எனக்கே மனசு கேட்கவில்லை. காடே திரண்டு துக்கம் விசாரிக்க வந்தது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் தலைகுனிந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஆளாளுக்கு அதன் காதோரம் மெல்லக் கேட்டார்கள்: "ஏம்ப்பா, அந்தப் புதினா அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

புலி இப்போது முன்னைவிட இரண்டு மடங்கு தொட்டி வைத்திருக்கிறது. நடந்தால் மூச்சு வாங்குவதில்லையாம், முகத்திலும் ஒரு களை. குகை வாசலில் பலகை ஒன்று மாட்டியிருக்கிறது: "செடி வேண்டுவோர் தயங்காமல் கேட்கவும். மகிழ்ச்சியுடன் தரப்படும். மதியம் நான் அசந்து தூங்கும் நேரத்தில் மட்டும் வர வேண்டாம்."

இன்றுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நீதி: வீட்டுக்குள் தோட்டம் போடுங்கள். விளைச்சல் நாலு காலில் நடந்து வரும்.