மூன்று நாள் பாஸும் ஆடாத மேசையும்

இந்தப் பயணத்திலாவது என் மனைவியை ஒரு தடவை ஜெயித்துவிடுவது என்று, ரயில் கிளம்பும் முன்பே முடிவு கட்டிவிட்டேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். இதுவரை ஸ்கோர் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

பந்தயப் பொருள் எங்கள் வீட்டு முன்னறை. பேப்பரை விரித்துக்கொண்டு, காலை நீட்டி, யாருக்கும் பதில் சொல்லாமல் நான் உட்காருகிற ஒரே இடம். அதில் ஆறு மாதம் தங்கிக்கொள்ளட்டுமா என்று மச்சினன் கேட்டிருந்தான். தங்கமான பையன்தான். ஆனால் டிரம்பெட் பழகுகிறான். ஒரு வருஷமாக ஒரே பாட்டு, அதிலும் முதல் வரி.

புது ஊரில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பலகை கண்ணில் பட்டது. வெளியூர்க்காரர்களுக்கு மூன்று நாள் பாஸ். பஸ், டிராம், மெட்ரோ, படகு எதில் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும். நான் பைப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஒரு நட்டு வீணானால் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. 'எத்தனை தடவை வேண்டுமானாலும்' என்ற வார்த்தையைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஆளுக்கு ஒண்ணு வாங்கிடுவோம்" என்றேன்.

"எனக்கு வேணாம்" என்றாள். "பதினோரு தடவை ஏறினாத்தான் அந்தக் காசுக்கு ஈடாகும். நாம ஊர் பாக்க வந்தோமா, வண்டி ஏற வந்தோமா?"

"அப்ப பந்தயம். ரெண்டு பேரும் ஒரே இடங்களைப் பாப்போம். இடத்தை நான்தான் சொல்வேன். போக வர யாருக்குச் செலவு கம்மியோ, முன்ரூம் அவங்க சொல்றபடி."

"கடைசியில பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா?"

அவள் சிரித்தாள். அதுவே ஒரு பதில்தான். நான் ஒரே ஒரு பாஸ் வாங்கிக்கொண்டேன்.

லாட்ஜ் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருந்தது. அறையில் இரண்டு கட்டில், ஒரு மேசை. மேசைமேல் ஆளுக்கு ஒன்றாக இரண்டு கவர். மேசையோ ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடியது. ஆடுகிற மேசையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு கவரை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் சொருகினேன். நல்ல கெட்டியான கவர். மேசை நின்றுவிட்டது.

"அதுல என்ன இருக்குன்னு பாக்கலையா?" என்றாள்.

"என்ன இருக்கும்? விளம்பரம்."

என் மனைவிக்குத் தபால் ஆபீசில் வேலை, பார்சல் கவுண்ட்டர். இன்னொரு கவரைக் கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல் லேசாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் அப்போது மேசையை அழுத்தி அழுத்திப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

என் திட்டம் எளிமையானது. தூரமான இடமாகச் சொல்ல வேண்டும். போக வர அவள் நாலு டிக்கெட்டாவது வாங்கியே தீர வேண்டும். நானோ பாஸுக்கு நியாயம் செய்ய, இரண்டு வண்டியில் போகிற இடத்துக்கு ஐந்து வண்டி மாறிப் போவேன்.

முதல் நாள் மலை உச்சி என்றேன். அவள் கிளம்பிப் போய்விட்டாள். நான் டிராம் ஏறினேன். நிறுத்தத்துப் பலகையில் ஒன்பது பதினாலு என்று போட்டிருந்தது. ஒன்பது பதினாலுக்கு வந்தது. எங்கள் கம்பெனியில் லாரி வருவது கிழமைக் கணக்கில்தான். வழியில் சக்கர நாற்காலியோடு ஒரு அம்மா நின்றிருந்தார். அத்தனை பெரிய டிராம் பெருமூச்சு விட்டுத் தன் உடம்பைத் தாழ்த்திக்கொடுத்தது. அந்த அம்மா ராணி மாதிரி ஏறினார். நான் கைதட்டியேவிட்டேன்.

அப்புறம் மெட்ரோ. அதற்கு டிரைவரே கிடையாது. முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் தலைக்கு மேலே ஒரு ஆறு ஓடுகிறது என்று ஸ்பீக்கர் சொன்னது. இத்தனை தண்ணீரைத் தலைக்கு மேலே நிறுத்திவிட்டு மனுஷன் சாவகாசமாகப் பேப்பர் படிக்கிறானே என்று மலைத்துப் போனேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவே இல்லை. அந்த ஆற்றை நாலு தடவை கடந்தேன்.

மலை உச்சிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"எப்ப வந்தே?"

"ஒரு மணி நேரம் ஆச்சு. இங்கேர்ந்து ஊரைப் பாருங்க. எவ்வளவு அழகு."

பார்த்தேன். ஊர் முழுக்க வண்டிகள் எறும்புச் சாரை போல் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் ஒன்றை முட்டவில்லை. அவள் ஆரஞ்சில் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"செலவெல்லாம் குறிச்சு வெச்சிருக்கியா?" என்று அதைத் தின்றுகொண்டே கேட்டேன்.

"ஒண்ணு விடாம."

பாவமாக இருந்தது. இருந்தாலும் மறுநாள் தீவு என்றேன். தீவில் அவள் எனக்கு முன்னால் போய்க் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஊர்க்கோடியில் இருந்த டிராம் ஷெட் என்றேன். அங்கே ஷெட் மேஸ்திரியோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று சொன்னாள். மூன்று நாளில் நான் முப்பத்தொரு தடவை ஏறினேன். கால் வீங்கி, செருப்பு என் பேச்சைக் கேட்கவில்லை. ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

கிளம்புகிற காலையில் லாட்ஜ் கவுண்ட்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"முப்பத்தொண்ணு" என்றேன். "காசு கிட்டத்தட்ட மூணு மடங்கா திரும்பி வந்தாச்சு. உன் செலவைச் சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"என்ன ஒண்ணுமில்ல?"

அதற்குள் கவுண்ட்டர்காரப் பெண் கையை நீட்டினாள். "அந்தப் பயண அட்டையைக் குடுத்துட்டுப் போங்க. ரூமுக்கு ரெண்டு."

"என்ன அட்டை?"

"இங்க தங்குறவங்களுக்கு ஊர் பூரா வண்டி ஃப்ரீ சார். மேசைமேல கவர்ல வெச்சிருந்தோமே."

என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். "இன்னொண்ணு மேசைக் காலுக்கு அடியில இருக்கும்மா. வீட்டுக்காரர் பத்திரமா வெச்சிருக்கார்."

"ஏன்டி, என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கேட்டேனே, என்ன இருக்குன்னு பாக்கலையான்னு. பாஸ் கையில வந்ததும் உங்க முகம் இருந்த இருப்புல, அதுக்கு மேல கெடுக்க மனசு வரல."

பதினேழு வருஷமாக இவளோடு குடித்தனம் நடத்துகிறேன். ஆற்றுக்கடியில் போன ரயிலைப் பார்த்துக்கூட நான் இப்படி அசந்து நின்றதில்லை.

"சரி" என்றேன். "ஊருக்குப் போனதும் உன் தம்பிக்குப் போன் பண்ணி வரச் சொல்லு."

அவளே தம்பிக்குப் போன் போட்டு, பேசச் சொல்லி என் காதில் வைத்தாள். எங்கோ டிரம்பெட் சத்தம். அதே பாட்டு, அதே முதல் வரி. அதோடு, ஆணி தளர்ந்த என் முன்னறை ஜன்னல் கடகடவென்று அதிர்கிற சத்தமும் கேட்டது.

"இவன் எப்ப வந்தான்?"

"எதிர் வீட்டுல சாவி வாங்கிக்கச் சொன்னேன்."

"அதான், எப்பச் சொன்னே?"

"நீங்க மேசையை ஆட்டிப் பாத்துக்கிட்டு இருந்தப்பவே."