வெள்ளத்துக்கு ஒத்திகை பார்த்த மண்ணுக்காரர்

கோயமுத்தூரிலேயே மிகவும் சந்தேகத்துக்குரிய மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், எங்கள் தெரு மண்ணுக்காரர் என்பேன். காரணம், அவர் எதையும் விற்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள், மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற ஒரு பள்ளத்தை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் எட்டிப் பார்க்கும். வரிசையில் குடத்தோடு நின்றுகொண்டிருந்த எங்களிடம் வந்து, "இந்தத் தெரு ஒரு நாளைக்கு முழுகிப்போயிருமுங்க" என்று சொன்னவரை வேறு எப்படிப் பார்ப்பது?

அவருக்குப் பவுண்டரியில், வார்ப்புக்கு மண்ணில் அச்சுப் பிடிக்கிற மோல்டிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் சைக்கிளில் ஒரு மூட்டை கறுப்பு மண்ணோடு தெருமுனைக் காலி மனைக்கு வந்துவிடுவார். தகரத்தின்மேல் மண்ணைக் கொட்டி, தெருவையும் பள்ளத்தையும் விரலால் இழுத்துவிட்டு, "அவங்கவங்க ஊட்டை அவங்கவங்களே புடிச்சு வெய்ங்க" என்பார். கூப்பிட்ட மரியாதைக்குத் தெருவே போய் உட்காரும். டெய்லர் காதர் பாய் தன் ஓட்டு வீட்டுக்கு ஒரு மாடி கட்டியே விட்டார்.

"ஏனுங்க பாய், உங்குளுது ஓட்டு ஊடுதானுங்களே?" என்றார் மண்ணுக்காரர்.

"மண்ணுதானுங்களே. இருந்துட்டுப் போவட்டுமுங்க."

எல்லாம் கட்டி முடிந்ததும் மண்ணுக்காரர் பூவாளியால் மேற்கிலிருந்து தண்ணீர் ஊற்றினார். பாயின் மாடி உட்பட எல்லா வீடும் கரைந்தது. மேட்டில் இருந்த என் வீடு மட்டும் நின்றது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் தெரு முழுக்க என்னையே பார்ப்பதைக் கவனித்தேன்.

"அப்ப தண்ணி வந்தா எல்லாரும் இவிய ஊட்டு மாடிக்குத்தான் போவோணும்" என்றார் மண்ணுக்காரர்.

மாடிப்படி என் வீட்டு ஹாலுக்குள்ளே இருந்தது. அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று. முதலில் சீட்டுக் கம்பெனி ஆள் என்று நினைத்தேன். பிறகு, வார்டு தேர்தலுக்கு அடிபோடுகிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் வீடு வீடாக, "எத்தன பேருங்க? நடக்க முடியாதவிய ஆராச்சும் இருக்காங்களா? பகல்ல ஊட்டைப் பூட்டீட்டுப் போவீங்களா?" என்று விசாரித்தபோது எல்லாம் விளங்கிவிட்டது.

"திருடன்கூட இவ்வளவு வெவரமா விசாரிக்க மாட்டான்" என்றேன் மனைவியிடம்.

"நம்மூட்ல திருடறதுக்கு என்னங்க இருக்குது? உங்களையத்தான் தூக்கீட்டுப் போவோணும்."

நான் கேட்கவில்லை. மாடிக் கதவுக்குப் பெரிய பூட்டு ஒன்று வாங்கிப் போட்டு, சாவியைத் தினம் ஓர் இடத்தில் ஒளித்து வைத்தேன்.

வெள்ளம் வந்தால் மாடி ஏறுவதற்கான ஒத்திகையும் என் வீட்டில்தான் நடந்தது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் நாக்கு வராது. மண்ணுக்காரர் விசில் ஊதினார். ஜனங்கள் வந்தார்கள், வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், படிக்குக் கீழே வந்து நின்றார்கள்.

"நீங்க முன்ன போங்க."

"அட, நீங்க நிக்கறப்ப நானா? நீங்க போங்க."

மண்ணுக்காரர், வெள்ளம் ஏறுகிற கணக்குக்கு, சொம்பு சொம்பாகத் தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றிக்கொண்டே இருந்தார். பக்கெட் நிறைந்தது. ஒருவரும் முதல் படியில் கால் வைக்கவில்லை.

"எல்லாரும் செத்துப்போயிட்டீங்க. மரியாதையாலயே ஒரு தெரு அழிஞ்சதை இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றார். செத்தவர்களுக்கெல்லாம் என் மனைவி காபி போட்டுக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறும் செத்தார்கள். காபிக்காகத்தான் சாகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

ஓர் ஐப்பசிக் காலையில் வெள்ளம் நிஜமாகவே வந்தது. மண்ணுக்காரர் சொன்னபடி மேற்கிலிருந்து வரவில்லை. என் குளியலறைச் சாக்கடை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. நான் டிவியை விட்டுவிட்டு ஸ்டெபிலைசரைக் கட்டிக்கொண்டு சோபாவில் ஏறி நின்றேன். வெளியே விசில் கேட்டது. தெரு முழுக்க என் ஹாலுக்குள் வந்தது. முழங்கால் தண்ணீரிலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். செருப்புகள் கிளம்பிப் போய்விட்டன.

மாடிச் சாவி? எங்கே ஒளித்தேன் என்பது அடியோடு மறந்துவிட்டது. அரிசி டிரம்மில் தோள்வரை கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, மனைவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"நீங்க வெச்ச எடத்துல அதை ஒரு நாளாச்சும் இருக்க உட்டனா? உங்களைய நம்பறதுக்கு மண்ணுக்காரரையே நம்புலாமுங்க."

பூட்டு திறந்தது. படிக்குக் கீழே மறுபடியும் ஆரம்பித்தார்கள். "நீங்க முன்ன போங்க." "பரவால்லீங்க, நீங்க போங்க." தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது.

மண்ணுக்காரர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, ஊட்டுக்காரரு நீங்க 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லாம ஆருங்க மேல ஏறுவாங்க? இத்தன நாளா இது எனக்கே தோணுலீங்க."

ஸ்டெபிலைசரோடு நான் மேலே ஓடினேன். பல் தந்தியடிக்க, கல்யாண மண்டப வாசலில் நிற்கிற பெண்ணின் அப்பாவைப் போல நின்று கூப்பிட்டேன். "வாங்க பாய், வாங்க. வாங்கக்கா, அம்மணியக் கூட்டீட்டு வாங்க."

"இருக்கட்டுமுங்க, வாரோமுங்க" என்று சொல்லிக்கொண்டே, சரசரவென்று ஏறினார்கள். பாய், "சௌக்கியமுங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் என்னைத் தாண்டினார்.

எல்லாரும் வந்தாயிற்று. மண்ணுக்காரர் மட்டும் கீழே, இடுப்பளவு தண்ணீரில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். இந்த ஆள் ஏன் இன்னும் ஏறவில்லை? பீரோவைத் திறக்கப் போகிறாரோ? அந்த நேரத்திலும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. நான் இன்னும் அவரைக் கூப்பிடவில்லை.

ஸ்டெபிலைசரைக் கீழே வைத்துவிட்டு, நாலு படி இறங்கிக் கையை நீட்டி, "வாங்க" என்றேன்.

"வாரேனுங்க" என்று சிரித்தார். அவர் மேலே வந்த பிறகுதான் எனக்கு நடுக்கம் நின்றது.