இருபத்தாறும் என் அப்பாவும்

உலகத்திலேயே ஏசியைப் பிடிக்காத ஒரே ஏசி மெக்கானிக் எங்கள் செம்மேட்டில்தான் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. இருபத்தாறு என்றால் பஸ் ஸ்டாண்டில் வழி சொல்வார்கள். எந்த ஏசியைப் பழுது பார்த்தாலும் இருபத்தாறு டிகிரியில் வைத்து, ரிமோட்டைப் பீரோ மேல் எறிந்துவிட்டுத்தான் கிளம்புவார்.

எங்களுடையது மலையூர். ஏசி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரையும் அவர் விரட்டப் பார்த்தார். விடுதியில் தங்கிய ஒருவர் அறை குளிரவில்லை என்று கூப்பிட்டார். இவர் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

ஒரு மழைக்காலத்தில் மிளகு வியாபாரி வீட்டு ஏசி அடிக்கடி நின்றது. வெயிலில்லாததால் அந்த மனிதர், வெளியே மாட்டிய யூனிட்டின் சூடான காற்றில் மிளகைச் சாக்கோடு காயவைத்திருக்கிறார். மிளகு காய்வதற்காக வீட்டுக்குள் குடும்பமே கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

"மெஷின் மூஞ்சியில சாக்க வெச்சா அது எப்படீங்க மூச்சு வுடும்?" என்று சாக்கை நகர்த்தினார் இருபத்தாறு. ஒரு மிளகை வாயில் போட்டு, "நல்லாத்தான் காஞ்சிருக்குதுங்க" என்றார்.

அவருக்கும் என் அப்பாவுக்கும் ஏழாம் பொருத்தம். சர்க்கரை நோயில் அப்பாவுக்குப் பாதம் தீயாய் எரியும். பதினாறு வை என்பார்.

"கால் மரத்த உடம்புங்க. குளிரு தெரியாமப் புண்ணு வந்துருங்க."

"நீ மெக்கானிக்கா, ஹாஸ்டல் வார்டனாய்யா?"

அவர் ரிமோட்டைப் பீரோ மேல் எறிவார். அப்பா கடைசிவரை இருபத்தாறிலேயே எரிந்தார்.

ஒரு சித்திரை மாதத்து விடியலில் அப்பா இறந்துபோனார். டெல்லியிலிருந்து அக்கா வர வேண்டும். அப்பாவுக்குச் செல்லப் பெண் அவள். முகத்தைப் பார்க்காமல் எடுத்தால் காலத்துக்கும் தாங்கமாட்டாள். கீழிருந்து கிளம்பிய ஐஸ் பெட்டி வண்டிக்கு முன்னால் கொண்டை ஊசி வளைவில் பாறை விழுந்துவிட்டது. மழை பெய்தும் புழுக்கம் குறையவில்லை. அப்பாவை ஏசி அறையில் கிடத்தினோம். அந்தப் பழைய மெஷின், அறை குளிர்வதற்கு முன்பே குளிர்ந்துவிட்டதாக நினைத்து நின்றுகொண்டது.

இருபத்தாறு ஓடிவந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"சென்சார் போச்சுங்க. சூட்டைக் கம்மியாக் காட்டுது. வேற வேணும்னா நாமக்கல்லுதான் போவணும்."

அதற்கும் அதே பாதைதான். அவர் ஸ்டூலில் ஏறினார். வயர் முனையில் தொங்கிய சென்சாரை இழுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். கைச்சூட்டை அறைச்சூடு என்று நம்பி மெஷின் ஓடத் தொடங்கியது.

அப்புறம் அவர் இறங்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் முதலில் அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு சுவரோரம் முஷ்டியைத் தூக்கி நின்ற மனிதரைப் பார்த்தார்கள்.

"ஏங்கண்ணு, அவரு எந்தக் கட்சி?" என்று மாமா என் காதில் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "சுடுதண்ணியில போட்டா ஆவாதுங்களா?" என்றார்.

"நனைஞ்சா மொத்தமாப் போயிருங்க."

நான் மாற்றிப் பிடிக்கிறேன் என்றேன்.

"நீங்க அப்பாகிட்ட உக்காருங்க சாமி."

மூக்கு ஒழுகியது, பல் கிட்டியது. கை மட்டும் இறங்கவில்லை. சாயங்காலம் பாறையை அகற்றியதும் ஐஸ் பெட்டி வண்டியோடு அக்காவும் வந்து சேர்ந்தாள். அக்கா அப்பாவின் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதாள். முகம் கெடாமல் இருந்தது.

இறங்கிய இருபத்தாறுக்கு விரல்கள் பிரியவில்லை. அம்மா அழுதுகொண்டே அந்தக் கையை வெந்நீரில் வைத்துப் பிரித்தாள். அவர் அப்பாவின் கால்மாட்டில் போய் நின்றார்.

"ஏனுங்க ஐயா, பதினாறுலதான் வெச்சிருந்தேனுங்க. இப்பப் போதுங்களா?"

அந்த அறையில் புது சென்சார் மாட்டியாயிற்று. ஏசி இருபத்தாறில் ஓடுகிறது. எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் ஏதாவது சத்தம் வருகிறது என்று சொல்லி அவரை அடிக்கடி கூப்பிடுகிறேன். பொய் என்று தெரிந்தும் வருகிறார்.